நடுப்பனி

யீஷூனில் பதினோராம் மாடி.
பாம் ஷெல்ட்டரின் இரும்புக் கதவைத் திறந்தால்
அரிசி மூட்டை, மடக்கு நாற்காலிகள்,
தீபாவளிக்கு மட்டும் கீழிறங்கும் பெரிய குண்டான்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
இன்னும் என் தோளின் வடிவத்தோடு
அந்தக் கோட்டு.

ஒன்பது வருடமாய்த் தொங்குகிறது.
இந்த ஊர் ஈரம் அதன்மேல்
வெள்ளையாய்ப் பூத்துவிட்டது.
கைகள் தாமாகவே தட்டின,
முதலில் இடத் தோள், பிறகு வலத் தோள்,
வாசற்படியில் நின்று தட்டிவிட்டு
உள்ளே வருகிறவளைப் போல.
உதிர்ந்தது பூஞ்சை.
தும்மினேன்.

வின்னிபெக்கில் ஆறு குளிர்காலம்.
முதியோர் இல்லத்தில் இரவுப்பணி.
முதல் வாரமே, பேருந்து நிறுத்தத்தில் தெரிந்துகொண்டேன்,
மூக்குக்குள் மயிர் இருக்கிறது என்று.
இழுத்தால் ஒட்டும், விட்டால் விலகும்.
கண் கலங்கினால் இமை பூட்டிக்கொள்ளும்.
அதனால் அழுகையை
வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன்,
ஹீட்டர் பக்கத்தில்.

மைனஸ் முப்பத்தெட்டில் தரை கத்தும்.
சோளமாவுப் பையை அழுத்தினால் வருமே
அந்தச் சத்தம், காலுக்குக் கீழே, ஓரடிக்கு ஒன்று.
கார்கள் மூக்கிலிருந்து ஒயர் தொங்க
சுவரில் சொருகப்பட்டுக் கிடக்கும்,
விடியும்வரை டிரிப் ஏறும் நோயாளிகளாய்.
ஒருநாள் நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து
மூடிய கதவை மறுபடி திறந்தார் ஒரு டிரைவர்.
அவர் பெயர் தெரியாது.
அந்த ஊரில் எனக்குக் கிடைத்ததிலேயே
பெரிய காரியம் அதுதான்.

அம்மா தொலைபேசியில் கேட்பாள்:
"அங்க பனியா?"
"பனிதாம்மா."
"தலையில துண்டு கட்டிக்க."
அவளுக்குத் தெரிந்த பனி
விடியற்காலைப் புல்லில் செருப்பை நனைப்பது.
எனக்கு, கதவைத் திறக்கவிடாமல் நிற்பது.
இரண்டுக்கும் சொல் ஒன்றுதான்.
முன்பனி, பின்பனி என்று
இரண்டு வாசல் வைத்த மொழி
நடுவிலிருக்கும் அறைக்குப் பெயர் வைக்கவில்லை.
நான் அந்த அறையில் இருந்தேன்.

என் பெயர் வேறு, இளவேனில்.

நான்காம் எண் அறை ஹாலினா பொருள் கேட்டாள்.
சொன்னேன்.
ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ரொம்ப லேட்டா வர்றே" என்றாள்.
அதற்குப் பிறகு மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம்
அதே கிண்டல்.
"வந்துட்டியா? வெளியே ஒண்ணும் தெரியலையே."

பிப்ரவரியில் போய்விட்டாள்.
வடக்கே அவள் ஊர்க் கல்லறையில்
மண் இடம் கொடுக்கவில்லை.
கடப்பாரை திரும்பி வருகிறதாம்.
இளகட்டும் என்று
மே மாதம்வரை ஒரு கொட்டகையில் காத்திருந்தாள்,
எப்போதும்போல் வகிடெடுத்த தலையோடு.
அதை நான்தான் சீவிவிட்டேன்.
ஏப்ரலில் எனக்கு ஒப்பந்தம் முடிந்தது,
சாங்கியில் இறங்கினேன்,
கண்ணாடி முழுக்க ஆவி.
அங்கே இளவேனில் வந்திருக்கும்.
நான்தான் இல்லை.

கீழே ஹாரன்.
காருங்குனிக்காரர் மேலே வந்தார்.
கோட்டைத் தராசில் தொங்கவிட்டார்:
இரண்டு கிலோ நூறு.
ஆறு வருடத்துக்கு அவ்வளவுதானா என்று கேட்க நினைத்து
பழைய பேப்பரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
அவர் ஒரு கையை மட்டும் நுழைத்துப் பார்த்து
"அய்யோ, பானாஸ்!" என்று சிரித்தார்.
பையைத் துழாவி
ஒற்றைக் கையுறையை என்னிடம் நீட்டினார்.
இடதுகைக்கு உரியது.
வலது எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

லிஃப்ட் மூடும்போது
வண்டியிலிருந்து சரிந்த கோட்டின் கை
கதவில் மாட்டிக்கொண்டது.
கதவு திறந்தது.
ஒரு கணம் திறந்தே நின்றது,
தாழ்வாரத்தில் நான்
இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பதைப் போல.
அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மணி மூன்று. முப்பத்துமூன்று டிகிரி.
கொடியில் துணி காய்ந்து மொடமொடத்திருந்தது.
எடுத்து மடித்தேன்,
கையுறையோடு சேர்த்து.